நைட்டு என்றால் எந்த நைட்டு?

போன மாதம் பவித்ரா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு மனநலப் பிரிவில் என் நாற்காலியில் உட்காரும் நர்ஸ் அவள். வந்ததும் வராததுமாய்க் கைப்பையிலிருந்து ஒரு கட்டு மாத்திரைக் கவர்களை எடுத்து மேசையில் பரப்பினாள். புதிதாக அச்சடித்தவை. காலை மாத்திரைக்கு மஞ்சள் சூரியன், இரவு மாத்திரைக்கு நீலப் பிறை நிலா. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று யாரோ நல்ல மனதோடு யோசித்திருக்கிறார்கள்.

"எப்பிடி இருக்குது சிஸ்டர்? தமிழு, தெலுங்கு, கன்னடம்னு மூணு பாஷைல அடிக்க வேணாம். படத்தப் பாத்தாலே போதும்" என்றாள்.

சூரியனோடு எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. நிலாவைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்த நிலா ஓசூருக்கு ஒத்து வராது பவித்ரா" என்றேன். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். நான் கிண்டல் பண்ணவில்லை. அன்று அவளுக்கு டீ ஆறும்வரை சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களோடு பழகப்போகும் நர்சுகள், மருந்து கொடுப்பவர்கள், இளம் டாக்டர்கள் எல்லாருக்கும் இது உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் பெயர் நூர்ஜகான். அத்தா கிருஷ்ணகிரியில் ஜவுளி வியாபாரம் செய்தவர். சேலத்தில் நர்சிங் படித்து, பிரசவ வார்டிலும் காய்ச்சல் வார்டிலும் ஓடி ஓடிக் கால் தேய்ந்த பிறகு, ஓசூரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் என்னைப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் வந்தார்கள். "கடிச்சு வெச்சிருவாங்களா?" என்று ஒரு மாமி கேட்டார். "இதுவரைக்கும் கடிச்சது டாக்டர் மட்டுந்தான் மாமி" என்றேன். அதில் பாதி உண்மை.

அந்த டாக்டரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பெயர் சாரதா. சொந்த ஊர் மைசூர்ப் பக்கம். தமிழ் நன்றாகப் பேசுவார். அவசரம் வந்தால் மட்டும் கன்னடம் எட்டிப்பார்க்கும். அவர் அறையில் ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. அந்த வார்த்தை 'சரியா?'

நாம் எல்லோரும் நோயாளியிடம் இதைத்தான் கேட்போம். "காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு, சரியா?" அவர்களும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். புரிந்தவரும் சரி என்பார், புரியாதவரும் சரி என்பார், மாத்திரையை வாசலில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போடப்போகிறவரும் சரி என்பார். "சரியான்னு கேட்டா சரின்னுதான் வரும். அது பதில் இல்ல, மரியாதை" என்பார் டாக்டர். புதிதாக வந்த ஒரு பயிற்சி நர்ஸ், தமிழில்தானே தடை என்று, பாகலூர்ப் பக்கத்து அம்மா ஒருவரிடம் கன்னடத்தில் "சரினா?" என்று கேட்டுவிட்டாள். டாக்டர் நிமிர்ந்தார். "கன்னடத்துல கேட்டாலும் அதே கேள்விதான்ம்மா. அடுத்து தெலுங்குல சரேனான்னு கேப்பியா?" என்றார். மூன்று பாஷையும் பேசும் ஊரில் இந்த ஒரு கேள்வி மட்டும் மூன்றிலும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது.

அதற்குப் பதில் அவர் என்ன செய்வார்? சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிடுவார். "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க. வீட்டுக்குப் போனா என்ன சொன்னாங்கன்னு கேப்பாங்கல்ல, அவங்களுக்கு எப்பிடிச் சொல்லுவீங்க?" நோயாளி தன் சொந்த வார்த்தையில் சொல்லி முடிக்கும்வரை பேனா திறக்காது. வெளியே கூட்டம் நெரிந்தாலும் சரி, நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து எட்டிப்பார்த்தாலும் சரி, திறக்காது.

இப்படிக் கேட்டதால் எங்களுக்குக் கிடைத்த நல்ல வார்த்தைகள் நிறைய. இந்த மாத்திரைகளில் ஒரு சங்கடம் உண்டு. தொந்தரவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். முதல் வாரம் குமட்டும், வாய் உலரும், சிலருக்குப் படபடப்பு கூடும். மனம் தேறத் தொடங்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் நாலாம் நாளே மாத்திரை பரணுக்குப் போய்விடும். டாக்டர் இதைப் பாரூர் ஏரிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் விளக்கிவிட்டுப் பேனாவை மூடினார். அந்த மனிதர் தாடியைச் சொறிந்துகொண்டு, "அதாவதுங்க மேடம், நாத்தப் புடுங்கி நட்டா மொதல்ல மஞ்சப் பாஞ்சு போயி நிக்கும். செத்துப்போச்சுன்னு புடுங்கி எறியக்கூடாது. வேரு புடிச்சிட்டா பச்ச கட்டிக்கும். அப்பிடித்தான?" என்றார். டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அதற்குப் பிறகு ஏரிப் பாசனத்துக்காரர் யார் வந்தாலும் இந்த நாற்றுக் கதைதான்.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். "ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்கமாட்டார். "எல்லாருமே நடுவுல விடுவாங்க. நீங்க கடைசியா எப்ப விட்டீங்க?" என்பார். திட்டு விழாது என்று தெரிந்ததும் உண்மை தானாக வரும். கணவன் மனைவி விஷயத்தில் இந்த மாத்திரையால் ஆர்வம் குறையலாம் என்பதையும் அவரேதான் முதலில் எடுப்பார். கூச்சத்தில் நோயாளி அதைச் சொல்லமாட்டார். சத்தமில்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார். நோன்பு மாதம் வந்தால் எங்கள் ஆட்களிடம் விடியுமுன் சஹர் நேரத்துக்கா இஃப்தாருக்கு அப்புறமா என்று பேசி முடிவுசெய்யும் வேலை என்னுடையது. அதில் எனக்கு நல்ல பெயர்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாய்க் கடை நடத்திய எங்களிடம்தான் சக்திவேல் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க சிஸ்டர், நாலு பேருக்கு ஆவட்டும்" என்றார்.

சாமல்பட்டிக்காரர். ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். அழுத்தும் மெஷினுக்குள் தகட்டை வைத்து எடுக்கும் வேலை. கண் அசந்தால் கை போய்விடும். மத்திகிரியில் வரிசை வீடு ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தார். மனைவி கவிதா, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்பிள்ளை. முதன்முதலில் வந்தபோது அவரால் அழக்கூட முடியவில்லை, அவ்வளவு வறண்டிருந்தார். டாக்டர் ஒரே ஒரு மாத்திரை எழுதினார், இரவில். நாற்றுக் கதையும் சொன்னார். ஒரு மாதம் கழித்து வந்தபோது சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். எங்கள் பிரிவில் அதுதான் முதல் நல்ல அறிகுறி.

பிறகுதான் ஏறுமாறாகப் போனது. ஒருமுறை வந்தால் சிரித்துப் பேசுவார். அடுத்த முறை கவிதா கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருக்கும். தலை சுற்றல், காரணமில்லாத எரிச்சல், கெட்ட கனவு, கூடவே பழைய இருட்டு. எங்களுக்குப் பிடிபடவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். காலை வெளிநோயாளிகள் நேரம். சக்திவேல் கம்பெனி யூனிஃபார்மோடு, கண் இரண்டும் ரத்தச் சிவப்பாய் உட்கார்ந்திருந்தார். கவிதா பக்கத்தில் நின்றார். டாக்டர் வழக்கப்படி மாத்திரையைப் பற்றிச் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிப்பதுபோல் சக்திவேல் சொன்னார்:

"நைட்டு ஒண்ணு மேடம். சாப்பிட்டுப் போடணும். நல்லாயிட்டாலும் நிறுத்தக்கூடாது. உங்களக் கேக்காம விடக்கூடாது."

ஒரு எழுத்துப் பிழை இல்லை. பேனா திறந்தது. மருந்து போதவில்லை, அளவைக் கூட்டவேண்டியதுதான் என்று டாக்டர் எழுதத் தொடங்கினார். எழுதியபடியே, "வேற என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"தலைக்குள்ள ஷாக் அடிக்குது மேடம். மெஷின்ல எர்த் சரியில்லன்னா தொட்டதும் கைல சுர்ருன்னு ஏறும்ல, அதே மாதிரி தலைக்குள்ள. கண்ணத் திருப்பினா சுர்ருங்குது."

டாக்டரின் பேனா நின்றது. "ஸ்வல்ப இருங்க" என்றார். கன்னடம் வந்துவிட்டது; விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"சக்திவேல், இது உங்க நோய் பண்றதில்ல. இந்த மாத்திரை திடீர்னு நின்னா சில பேருக்கு இப்பிடி வரும். விட்டுட்டீங்களா? நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"விடல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்ன மேடம், பொய் சொல்றேன்றீங்களா? நீங்க எப்பிடிச் சொன்னீங்களோ அப்பிடித்தான் போடறேன். எம் பொண்ணு மேல சத்தியமா விடல."

பெண்பிள்ளை மேல் சத்தியம் செய்த மனிதனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரின் படிப்பைச் சந்தேகப்படவும் முடியவில்லை.

கவிதாதான் மெதுவாக ஆரம்பித்தார். "மேடம், ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே? எங்க மாமியாரு இது அமாவாசக் கோளாறுன்றாங்க. ஊருக்குக் கூட்டினு வா, மந்திரிச்சுக்கலாம்னு ஒரே புடிவாதம். நானும் காலண்டரப் பாத்துக்கினேதான் இருக்கேன். அமாவாசக்கும் இவருக்கும் ஒத்து வரல. ஆனா ரெண்டு வாரம் நல்லா இருப்பாரு, மூணாவது வாரம் கெட்டுப்போவாரு. அது மட்டும் தவறாம வருது."

"மூணு வாரத்துக்கு ஒருதரமா?" டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்பிடி என்ன இருக்குது சிஸ்டர், மூணு வாரத்துக்கு ஒருதரம் வர்றது?"

ஓசூரில் குடியிருப்பவளுக்கு இதற்குப் பஞ்சாங்கம் வேண்டுமா? எதிர் வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தைப் பார்த்தே இது எந்த வாரம் என்று சொல்லிவிடுவோம். "நைட் ஷிப்டு, டாக்டர். வாரா வாரம் ஷிப்டு மாறும், மூணு வாரத்துக்கு ஒருதரம் நைட்டு" என்றேன்.

டாக்டர் சக்திவேலின் யூனிஃபார்மைப் பார்த்தார். சிவந்த கண்ணைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "நேத்து ராத்திரி மாத்திரை போட்டீங்களா?" என்றார்.

"நேத்தா? நேத்து எப்பிடி மேடம் போடறது? நேத்து நைட்டு ஷிப்டு இல்ல? மாத்திர போட்டா தூக்கம் சொக்குது. பிரஸ்ல நின்னுக்கினு தூங்கினா கை போயிரும். வூட்ல தூங்கற நைட்டுக்குத்தான போடணும்? அடுத்த வாரத்துலேந்து திரும்பப் போடுவேன். ஒரு நாளு விடமாட்டேன்."

அவர் சொன்னதில் ஒரு வரி பொய் இல்லை. நைட்டு ஒன்று என்றோம். நைட்டு ஒன்று என்று திருப்பிச் சொன்னார். எங்கள் நைட்டு படுக்கை. அவருடைய நைட்டு மெஷின். வார்த்தை பத்திரமாகத் திரும்பி வந்தது, அர்த்தம் மட்டும் வாசலிலேயே இறங்கிக்கொண்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தன் கையைக் காப்பாற்றிக்கொள்ள, அந்த மனிதர் மருந்தை அடியோடு நிறுத்தியிருக்கிறார். அன்று அளவை மட்டும் கூட்டி அனுப்பியிருந்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுந்திருப்பார்.

கவிதா இன்னொன்றும் சொன்னார். மாதா மாதம் மாத்திரை மிச்சமாகிக்கொண்டே இருந்ததாம். "ஆஸ்பத்திரில கொஞ்சம் தாராளமாவே குடுக்கறாங்கன்னு நெனச்சு டப்பால போட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. டாக்டருக்கு வரவில்லை. பேனாவை மூடினார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, சக்திவேலுக்கு எதிரில் உட்கார்ந்தார். டப்பாவில் மாத்திரை சேர்ந்திருக்கிறது என்று கேட்டதும் அவர் மனம் எங்கே போனது என்று எனக்குப் புரிந்தது.

"சக்திவேல், இந்த மாதிரி கெட்ட வாரத்துல செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

இப்படி நேராகக் கேட்கலாமா என்று பவித்ராவும் கேட்டாள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததுபோல் ஆகாதா என்பது எல்லோருக்கும் உள்ள பயம். ஆகாது. நான் அடித்துச் சொல்வேன். கேட்காத கேள்விதான் ஆளைத் தனியாக விடும். சக்திவேல் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினார். கவிதா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"மாத்திர போட்டும் இப்பிடித்தான் ஆவுதுன்னா, எனக்கு மருந்தே இல்லன்னுதான மேடம் அர்த்தம்? எல்லாத்தையும் பாத்தாச்சு, இனி என்ன இருக்குதுன்னு நெனச்சேன். இந்த வாரம் முழுக்க அதேதான்."

"மருந்து தோக்கல சக்திவேல். அந்த வாரம் மருந்து உங்ககிட்ட வரவே இல்ல" என்றார் டாக்டர்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எனக்கு இது கேக்கும்றீங்களா?"

"ரெண்டு வாரம் கேட்டுதே. மூணாவது வாரமும் கேக்கும்."

அப்போதுதான் அழுதார். முதல்நாள் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. நான் தண்ணீர் எடுத்துவரப் போனவள், கதவுக்கு வெளியே நின்று நானும் கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் திரும்பினேன். வெட்கமெல்லாம் இல்லை.

பிறகு வேலையைப் பார்த்தோம். சேர்ந்த மாத்திரைகளை அன்றைக்கே எங்களிடம் கொண்டுவரச் சொன்னோம். வீட்டில் இருப்பது கவிதா கையில் இருக்கவேண்டும். சாமல்பட்டியிலிருந்து தம்பி வந்து சில நாள் கூட இருப்பதாக ஏற்பாடு. அந்த வார மீதி நைட் ஷிப்டுக்கு விடுப்பு. நோயின் பெயர் போடாமல் ஓய்வு தேவை என்று மட்டும் டாக்டர் எழுதினார். கம்பெனியில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்ற பயம் அவருக்கு வியாதியைவிடப் பெரிதாக இருந்தது. அடுத்த சந்திப்பை மாதக் கணக்கில் தள்ளாமல் அந்த வாரத்திலேயே வைத்தோம். நடுவில் நானே போன் செய்தேன். அளவைக் கூட்டவில்லை. எழுதிய பாதியை டாக்டர் அடித்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தையை மாற்றினார்: 'படுக்கும்போது ஒன்று.' காலை எட்டுக்குப் படுத்தால் காலை எட்டுக்கு. போட்டதும் படுக்கை; போட்டுவிட்டு மெஷின் பக்கம் போகவே கூடாது.

இந்த முறை திருப்பிச் சொல்லச் சொன்னதோடு டாக்டர் விடவில்லை. "இந்த வாரம் எத்தன மணிக்குப் படுப்பீங்க? அடுத்த வாரம்? அதுக்கு அடுத்த வாரம்?" என்று மூன்று ஷிப்டையும் நடந்துபார்க்க வைத்தார். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் யார் வந்தாலும் மாத்திரைக்கு முன்னால் வேலை நேரத்தைக் கேட்பது சட்டமாகிவிட்டது. அதிகாலையில் பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர், செக்யூரிட்டி வேலைக்காரர், பெங்களூருக்கு லாரி ஓட்டுகிறவர் என்று ஒவ்வொருவரின் காலையும் இரவும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. நாங்கள் மட்டும்தான் ஒரே கடிகாரத்தை மாட்டிவைத்திருந்தோம்.

சக்திவேல் தேறினார். சுலபமாக அல்ல. கவிதாவுக்கு வேறொரு சந்தேகம் வந்தது: விட்டால் இப்படிப் படுத்துகிறது என்றால் இது சாராயம்போல் பழகிவிட்டதா? ஒரு நாள் உட்கார வைத்துப் பேசினேன். சாராயம் இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று இழுக்கும். இந்த மாத்திரையை இவர் என்றைக்காவது கூடக் கேட்டாரா? உடம்பு இதற்குப் பழகியிருக்கிறது, அதனால் சட்டென்று விடாமல் படிப்படியாய் இறங்கவேண்டும், அவ்வளவுதான். நன்றாகத் தேறி, தேறியபடியே பல மாதம் நின்ற பிறகு, டாக்டர் அப்படித்தான் இறக்கினார். ஒவ்வொரு படியிலும் நின்று, என்ன பண்ணுகிறது என்று கேட்டு, பண்ணினால் அங்கேயே காத்திருந்து. அவசரப்படவில்லை.

மாத்திரை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை மத்திகிரிக்குப் போனேன். ஒரு காலையில் டவுன் பஸ்ஸைவிட்டு இறங்கி, அவர்கள் வீட்டைத் தேடிப் பிடித்தேன். ஊரே வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற நேரம். அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு மட்டும் கவிதா பழைய போர்வையைக் கட்டி, உள்ளே இருட்டாக்கி வைத்திருந்தார். சக்திவேல் ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, கைலியோடு பாயில் உட்கார்ந்திருந்தார். கவிதா மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் விழுங்கினார்.

வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. பள்ளி வேன் ஹாரன் கொடுத்தது. யூனிஃபார்மும் ரெட்டைச் சடையும் முதுகில் மூட்டையுமாய் அந்தப் பெண்பிள்ளை ஓடப்போனவள், கதவருகே திரும்பி நின்றாள்.

"குட் நைட்டுப்பா!"

"குட் நைட் சாமி" என்று சொல்லிவிட்டு அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

பவித்ரா கவர்களைத் திரும்ப அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். நிலாவுக்குப் பதில் ஒரு தலையணை போடச் சொல்லியிருக்கிறேன்.